அமாவாசையில் வராத கார்

பேய்க்காகக் காத்திருக்கிறவர்கள் பொதுவாக இட்லி சாப்பிட மாட்டார்கள். விஜயராணி நான்காவது இட்லியைத் தட்டில் வாங்கிக்கொண்டிருந்தாள்.

மும்பையில், மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. காலை ஆறு இருபது. கூடத்தில் சுருதிப்பெட்டி ஒன்று விடாமல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. துப்பறிவாளர் பிரம்மநாயகம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட கார்களைப் பார்த்து சர்வே எழுதியவர். நசுங்கிய கார் பொய் சொல்லாது, அதன் சொந்தக்காரன்தான் சொல்வான் என்பது அவர் கண்ட பாடம். இப்போது செம்பூரில் ஒரு சின்ன அறை, ஒரு பெயர்ப்பலகை, உதவிக்கு ஒரு விஜயராணி. தாராவியில் பிறந்து வளர்ந்தவள். வேலைக்குத்தான் சம்பளம், வாய்க்கு இல்லை என்று எத்தனை சொன்னாலும் அவள் கேட்பதில்லை.

"இன்னொண்ணு போடட்டுமா?" என்றாள் ருக்கு மாமி. அறுபத்திரண்டு வயது. குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"போதும் மாமி. பேய் வந்தா ஓடணும், வயிறு இடிக்கும்," என்றாள் விஜயராணி.

மாமி சிரிக்கவில்லை. "அது பேய் இல்லை. என் கிருஷ்ணா."

விஷயம் இதுதான். மாமியின் மகன் கிருஷ்ணா பதினேழு மாதத்துக்கு முன் ஐரோலி பாலத்துக்குப் பக்கத்தில் இறந்துபோனான். அவனுடைய காரின் முன்பாதியை ஒரு கன்டெய்னர் லாரி நசுக்கிவிட்டது. கார் காயலான் கடைக்குப் போய்விட்டது. ஆனால் நாலு மாதமாக, தினமும் காலை ஆறரையை ஒட்டி, அந்தக் காரின் சத்தம் இந்தத் தெருவில் போகிறது.

"ஏதோ பைக்குன்னு சொல்றா எல்லாரும். பெங்களூர்லேர்ந்து என் பொண்ணு பத்மஜா வந்து டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போனா. மாத்திரை குடுத்தார். ஞாயித்துக்கிழமை வந்து என்னை ஒரேயடியா அவாத்துக்குக் கூட்டிண்டு போகப் போறா. அம்மா தனியா இருந்தா புத்தி இன்னும் கலங்கிடுமாம்." மாமி முந்தானையைக் கையில் சுற்றினாள். "நேக்குப் புத்தி சரியா இருக்கா இல்லையா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ சார். இல்லைன்னா நானே பெட்டி கட்டிக்கறேன்."

அன்று வியாழக்கிழமை.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார் பிரம்மநாயகம்.

"அவரா? கவர்மெண்ட் ஆபீஸ்ல சூப்பரிண்டெண்டா இருந்து ரிடையர் ஆனவர். எதையும் எழுத்துல குடுத்தாத்தான் நம்புவார். அந்த நேரத்துல அவர் ஃபைவ் கார்டன்ல வாக்கிங் போயிண்டிருப்பார், கேட்டா 'நான் எங்கே கேட்டேன்'கறார். நீங்க வந்தது அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

"வீட்டுல கார் இருக்கா?"

"இருந்தது. கிருஷ்ணா போனதும் பார்க்கப் பிடிக்கலைன்னு வித்துட்டார். சார், ஷ்ஷ்."

மாமி கையை உயர்த்தினாள்.

தெருமுனையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வெடிப்பில்லை, அலறலில்லை. அடிவயிற்றிலிருந்து ஒருவன் வாயை மூடிக்கொண்டு பாடுவதுபோல ஒரே சீரான ஒரு முழக்கம். அது நெருங்க நெருங்க பிரம்மநாயகத்தின் கையில் மயிர் சிலிர்த்தது. கூடத்துச் சுருதிப்பெட்டியும் தெருச் சத்தமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது.

"ஐந்து கட்டை. என் சுருதி," என்றாள் மாமி கண்ணை மூடிக்கொண்டு. "அம்மா, தெருமுனையிலயே உன் சுருதியில வருவேன், கேட்டதும் தோசைக்கல்லைப் போடுன்னு சொல்லி, காரோட சைலன்சரையே மாத்திப் பண்ணினான். இந்தத் தெருவுல எத்தனை பைக் போறது. ஒண்ணாவது சேர்ந்ததா?"

விஜயராணி கை கழுவாமல் பால்கனிக்குப் பாய்ந்தாள். மரக்கிளைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். சத்தம் சட்டென்று அறுந்தது. ஒரு நிமிஷம் கழித்து வெறும் கையோடு திரும்பி வந்தாள். இந்த முறை அவள் முகத்திலும் கிண்டல் இல்லை.

"அண்ணாச்சி, கீழே ஒண்ணுமே இல்ல. ஒரு ஸ்கூல் பஸ்ஸு, ஒரு காய்கறி வண்டி, அங்கிள்மார் ஓட்டுத ஒரு பழைய சாம்பல் காரு. ஸ்பாய்லர் இல்ல, ஸ்டிக்கர் இல்ல, அகல டயர் இல்ல. அந்த மாதிரி வண்டியே இல்ல."

"மாமி, நீங்க எட்டிப் பார்த்ததே இல்லையா?"

"இல்லை." மாமியின் குரல் இறங்கிவிட்டது. "பார்த்தா நின்னுடுமோன்னு பயம் சார்."

பிரம்மநாயகத்துக்கு அதற்கு மேல் கேட்க மனம் வரவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். சத்தம் வந்த ஒவ்வொரு நாளுக்கும் மாமி பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். அங்கங்கே சில நாட்கள் புள்ளி இல்லாமல் வெறுமையாக இருந்தன. விஜயராணி நாலு மாதத் தாளையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

படியிறங்கும்போது அவள் கேட்டாள். "நீங்களும் கேட்டிய. நானும் கேட்டேன். மூணு பேருக்கும் ஒரே நேரத்துலயா மண்டை கழண்டிருக்கும்?"

"சத்தம் இருந்தா சைலன்சர் இருக்கும். சைலன்சர் இருந்தா அதைப் பத்தவச்சவன் இருப்பான். வா, உங்க ஊருக்குப் போவோம்."

தாராவியில் அய்யாத்துரையின் பட்டறை வாசலில் மூன்று கார்கள் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. ஒரு காரின் அடியிலிருந்து அய்யாத்துரை வெளியே வந்தார். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வள்ளியூர்ப் பக்கத்து ஆள். மும்பையில் எந்தக் கார் எந்தத் தெருவில் உறுமினாலும் அது யார் கைவேலை என்று சொல்லிவிடுவார் என்று பெயர்.

"வாங்க அண்ணாச்சி. காரு நசுங்கினாத்தான் நீங்க வருவிய. இப்ப எது நசுங்குச்சு?"

"காரு ஏற்கெனவே நசுங்கிட்டு. சத்தம் மட்டும் ஓடுது. ஐந்து கட்டையில."

அய்யாத்துரை கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"கிருஷ்ணா தம்பி," என்றார். "வார பயலுவ எல்லாம் ரீல்ஸுக்குத் துப்பாக்கி மாதிரி வெடிக்கணும்னு கேப்பானுவ. கம்ப்யூட்டர்ல எஞ்சின் கணக்கை மாத்தி விட்டா வெடிக்கும். போன வருசம் போலீசு சைலன்சரை எல்லாம் ரோட்டுல அடுக்கி ரோடு ரோலரை ஏத்துச்சு. அந்த வீடியோவைப் பாத்துட்டு எனக்கு ஆர்டர் டபுளாச்சு. எல்லாவனுக்கும் ஊரு திரும்பிப் பாக்கணும். இந்தத் தம்பி மட்டும் போன்ல சுருதி வச்சுக்கிட்டு வந்தான். எஞ்சின் சுத்து காட்டுத முள்ளு மூவாயிரத்துல நிக்கும்போது இதுல சேரணும்னான். ஏழு தடவ பைப்பை வெட்டி ஒட்டுனேன். எட்டாவது தடவ சேந்துச்சு. ரெண்டு பேருக்கும் கண்ணு கலங்கிட்டு."

"அந்த மாதிரி இன்னொண்ணு செஞ்சியளா?"

"அதுக்கு அளவே கிடையாது அண்ணாச்சி, காதுதான். வேற யாராலயும் முடியாது. என்னாலயே முடியாது."

"அப்ப இப்ப ஓடுதது அதேதான்."

"ஓடுதா?" அய்யாத்துரையின் முகம் வெளிறியது. காரின் முன்பக்கம்தானே போனது, பின்பக்கம் தப்பியது என்று அவரே சொன்னார். கூட்டாளி செத்தால் அவன் காரை அப்படியே காயலானுக்குப் போட மாட்டார்கள் இந்தப் பையன்கள். ஆளுக்கொரு பாகம் எடுத்துத் தங்கள் காரில் மாட்டிக்கொள்வார்கள். ஸ்டியரிங் ஒருவனுக்கு, வீல் ஒருவனுக்கு. அவன் ரோட்டிலிருந்து போய்விடக் கூடாதாம். "சைலன்சரை திலக் நகர் மகேஷ்குமார் கொண்டு போனான். ஆனா அவன் மாட்டலன்னு சொன்னானே."

விஜயராணி மெதுவாகச் சொன்னாள். "ஒத்தை ஆளு செத்து ஏழு எட்டு காருல ஓடுதான். இது பேயவிட மோசமால்லா இருக்கு."

திலக் நகரில் மகேஷ்குமாரின் கடை கார்களுக்கு நிறத்தாள் ஒட்டும் கடை. முப்பது வயது, தாடி, பெற்றோர் தூத்துக்குடி, பேச்சில் பாதி ஹிந்தி. கிருஷ்ணாவின் பெயரைக் கேட்டதும் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"தேகோ அங்கிள், சைலன்சர் என்கிட்ட இல்ல. குடுத்துட்டேன். நாலு மகினா ஹோ கயா, நாலு மாசம் ஆச்சு."

"யாருக்கு?"

"கசம் வாங்கிட்டாரு. கிருஷ்ணா மேல சத்தியம். நான் சொல்ல மாட்டேன்."

"பேரு வேண்டாம்," என்றார் பிரம்மநாயகம். "என்ன வண்டியில மாட்டுனே?"

மகேஷ்குமார் யோசித்தான். "ஸ்லீப்பர்."

"ரயிலா?" என்றாள் விஜயராணி.

"நஹி நஹி. வெளிய பாத்தா தாத்தா வண்டி மாதிரி இருக்கும், உள்ள ராட்சசன். அதான் ஸ்லீப்பர். இப்போ அதான் நடக்குது. ஸ்டிக்கர் ஒட்டுனா முதல் போலீஸ் நாக்காவுலயே பிடிப்பான். பட்டனை அமுக்கினா வால்வு திறக்கும், சத்தம் வரும். விட்டா பூனை. எதிர்ல போலீஸ் நின்னாலும் சலாம் வச்சுட்டுப் போலாம்."

விஜயராணி தன் நெற்றியிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். "சாம்பல் காரு. என் கண்ணு முன்னாடிதான் போச்சு. நான் ஸ்டிக்கரைத் தேடிக்கிட்டு நின்னேன்."

"அந்த ஆளு எப்படி?" என்றார் பிரம்மநாயகம். "வேகமா? வீம்பா?"

மகேஷ்குமார் முதல் தடவையாகச் சிரித்தான். "வேகமா? அங்கிள், இத்தனை வருஷத்துல சைலன்சர் மாத்த ஆர்.டி.ஓ.வுக்கு லெட்டர் போட்டு அனுமதி கேட்ட ஒரே ஆளு அவருதான். மூணு காப்பி. என்கிட்ட ஒண்ணு குடுத்தாரு, ஃபைல்ல வச்சுக்கன்னு. என்கிட்ட எங்க ஃபைலு? பதில் வந்துச்சான்னு கேட்டேன். இத்தனை நாள்ல பதில் வரலைன்னா ஆட்சேபணை இல்லைன்னு அர்த்தம்னாரு."

விஜயராணி விழுந்து விழுந்து சிரித்தாள். பிரம்மநாயகம் சிரிக்கவில்லை. "உன் போனை எடு. காலண்டர்," என்றார்.

வெளியே வந்து டீக்கடையில் இரண்டு கட்டிங் டீ சொன்னார்கள். புள்ளி இல்லாத நாட்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். நாலு மாதத்தில் எட்டு நாட்கள்.

"இதுல நாலு அமாவாசை," என்றாள் விஜயராணி. "என்ன கூத்து அண்ணாச்சி. அமாவாசைக்குத்தான் பேய்க்கு ஓவர்டைம். இது என்னடான்னா லீவு போடுது."

"மிச்சம் நாலு?"

அவள் விரலால் நகர்த்தினாள். "எல்லாம் ஒண்ணாந் தேதி. தமிழ் மாசத்துக்கு ஒண்ணு. மாசப்பிறப்பு."

"அமாவாசையும் மாசப்பிறப்பும் காலையில வீட்டைவிட்டு நகர முடியாதவன் யாரு?"

"கோயில் பூசாரி?"

"குளிச்சு, மடி உடுத்தி, எள்ளும் தண்ணியும் இறைச்சு முன்னோருக்குத் தர்ப்பணம் பண்ணுதவன். மாட்டுங்காவுல இருக்கான். முப்பது வருசம் ஃபைலு பாத்திருக்கான். எதையும் எழுத்துல குடுத்தாத்தான் நம்புவான். மத்த நாளெல்லாம் அந்த நேரத்துல மட்டும் வீட்டுல இருக்க மாட்டான்."

விஜயராணியின் டீ பாதியில் நின்றது. "வாக்கிங்," என்றாள்.

அதற்குப் பிறகு செம்பூர் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவருடைய அலுவலகச் சரித்திரத்தில் முதல் தடவை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபத்தைந்துக்கு இருவரும் தெருமுனையில் நின்றார்கள். சாம்பல் கார் வந்தது. பதினைந்து வருஷத்துப் பழைய வண்டி, துடைத்துப் பளபளவென்று இருந்தது. பிரம்மநாயகம் நடுத்தெருவில் போய் நின்று கையைக் காட்டினார். கார் நின்றது. மங்கி கேப், நெற்றியில் விபூதி, அரைக்கை ஸ்வெட்டர் போட்ட ஒரு கிழவர் கண்ணாடியை இறக்கினார். எழுபது வயசு நாணு. ருக்கு மாமியின் புருஷன்.

"யார் நீங்க? லைசென்ஸ் எல்லாம் இருக்கு," என்றார்.

"உங்க வீட்டம்மா எங்களை வச்சிருக்காங்க சார். தனக்குப் புத்தி சரியா இருக்கான்னு கண்டுபிடிக்கச் சொல்லி."

நாணு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். அது வெறும் ஸ்டியரிங் இல்லை என்பதைப் பிரம்மநாயகம் கவனித்தார். சின்னதாக, சிவப்பு நூல் தையல் போட்ட இளவட்டத்து ஸ்டியரிங். மகனுடையது. கூட்டாளிகளின் வீடு வீடாகப் போய் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கியிருக்கிறார் இந்த மனிதர்.

"காரை விக்கலையா?"

"இதுவும் அவன் காரும் ஒரே மாடல். எல்லாம் பொருந்தும்னு அந்தப் பையன் சொன்னான். ஸயன்ல ஒரு ஷெட்டுல விட்டிருக்கேன்." நாணு முன்னால் பார்த்தபடியே பேசினார். "நேக்கு இந்தச் சத்தமே ஆகாது சார். கௌரவமான தெரு, கௌரவமான மனுஷா. ஒருநாள் வாசல்ல நிறுத்தி அவனைச் சொன்னேன். இந்தச் சத்தம் இனிமே இந்தத் தெருவுக்குள்ள வரப்படாதுன்னு. எதிர்த்துப் பேசலை. அன்னிலேர்ந்து முனையிலயே எஞ்சினை அணைச்சுட்டு, வண்டியைத் தள்ளிண்டு வருவான். ஒண்ணரை மாசம். கார்த்தால தள்ளிண்டு போவான், ராத்திரி தள்ளிண்டு வருவான். நான் பால்கனியில நின்னு பார்ப்பேன். போறும்டா, ஓட்டிண்டு வான்னு சொல்லத் தோணித்து. நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

அவர் நிறுத்தினார். காய்கறி வண்டிக்காரன் ஒருவன் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனான்.

"முதல் திவசம், வருஷாப்திகம் ஆனதும் அந்த மகேஷ்குமார்கிட்டப் போனேன். ஐரோலி ரோட்டுல ஒரு வாரம் பழகினேன், முள்ளை மூவாயிரத்துல நிறுத்த. அவனாலதான் வர முடியலை. சத்தமாவது வரட்டும்."

"மாமி கேட்டப்போ சொல்லியிருக்கலாமே சார்," என்றாள் விஜயராணி. அதில் கோபம் இருந்தது.

"முதல் நாள் கேட்டா. வாய் வரலை. அப்புறம் பத்மஜா வந்தா, டாக்டர் வந்தார், மாத்திரை வந்தது. ஒவ்வொரு நாளும் இன்னும் கஷ்டமாயிடுத்து. நான் பண்ணினது மகாபாவம், தெரியும்." கிழவர் தொப்பியைக் கழற்றினார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடறேன்."

"நாளைக்குச் சொல்லலாம்னு ஏற்கெனவே ஒருதடவை இருந்தீங்க," என்றார் பிரம்மநாயகம்.

அது கொஞ்சம் கடுமைதான். அவருக்கே அப்படித் தோன்றியது. ஆனால் மூன்றாவது மாடியில் ஒருத்தி தன் மூளையையே நம்பாமல் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

நாணு கியரைப் போட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பட்டனை அமுக்கினார். அந்த முழக்கம் எழுந்து தெருவை நிறைத்தது. பிரம்மநாயகமும் விஜயராணியும் பின்னால் நடந்தார்கள். தினமும் கட்டடத்தைத் தாண்டிப் போகிற கார் அன்று தாண்டவில்லை. வாசலில் நின்றது. எஞ்சினை அணைக்காமல், முள்ளை அதே இடத்தில் பிடித்தபடி நாணு உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் எழுந்து நின்றான். இரண்டு ஜன்னல்கள் திறந்து, "யாரது?" என்று கத்தின. நாணு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

மூன்று நிமிஷம் ஆயிற்று. படிக்கட்டில் ருக்கு மாமி இறங்கி வந்தாள். காலில் செருப்பு இல்லை. காரைப் பார்த்தாள். பின்பக்கம் போய் அந்தக் குழாயைப் பார்த்தாள். பிறகு டிரைவர் பக்கம் வந்து புருஷனைப் பார்த்தாள். நாணு காலை எடுத்தார். தெரு அடங்கியது.

"நான்தான் ருக்கு. நாலு மாசமா," என்றார்.

மாமி கார்க் கதவின் மேல் கையை வைத்தாள். விஜயராணிக்கு ஏதாவது கிண்டலாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

"இந்தத் தெருவுக்குள்ள வரப்படாதுன்னு அவன்கிட்ட நான்தான்..."

"தெரியும். கதவுக்குப் பின்னாடிதான் நின்னுண்டிருந்தேன். நானும் தடுக்கலை." மாமியின் கண்ணில் தண்ணீர் இல்லை. "ஞாயித்துக்கிழமை பத்மஜா வரட்டும். பெட்டி தூக்க இல்லை. அம்மாவுக்குப் புத்தி கலங்கலைன்னு உங்க வாயால அவகிட்டச் சொல்லுங்கோ. டாக்டர்கிட்டயும் சொல்லுங்கோ. எழுத்துல."

"சொல்றேன்."

மாமி பிரம்மநாயகத்தின் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். சுற்றிவந்து முன்கதவைத் திறந்து, புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐரோலி பாலம் இங்கேர்ந்து எவ்வளவு தூரம்?"

"இருபது கிலோமீட்டர் இருக்கும். ஏன்?"

"நான் இன்னும் அந்த எடத்தைப் பார்க்கலை. நீங்களும் அங்கே நின்னிருக்க மாட்டேள்." மாமி கதவைச் சாத்தினாள். "திரும்பி வரச்சே உங்களோட சண்டை போடறேன். இப்போ ஓட்டுங்கோ."